தனியாருக்கு விற்றால் போட்டி வந்துவிடுமா?

"சோவியத் முகாமில் இருந்த நாடுகள் எல்லாமே 1989-க்குப் பிறகு சந்தைக்கு மாறின. எல்லாமே அரசு ஆலைகளைத் தனியாருக்குக் கொடுத்தன. ஆனாலும் போலந்தில் கம்பெனிகள் ஒன்றோடொன்று மோதி வளர்ந்தன, ரஷ்யாவிலும் உக்ரைனிலும் பெரும் தொழில்கள் ஒரு சிலர் கைக்குப் போய்விட்டன. இப்படி மாறிய பொருளாதாரங்களில் கம்பெனிகளுக்கு இடையே போட்டி வருமா வராதா என்பதை எது தீர்மானிக்கிறது? எம்.ஏ. ஆய்வுக் கட்டுரைக்காகக் கேட்கிறேன்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆலை யார் பெயரில் இருக்கிறது என்பது நாம் நினைக்கும் அளவுக்கு முக்கியமில்லை. புதிதாக ஒருவர் யார் காலிலும் விழாமல் தொழில் தொடங்க முடிகிறதா, நஷ்டத்தில் ஓடும் பழைய ஆலை நிஜமாகவே மூடப்படுமா, இந்த இரண்டும்தான் முக்கியம். உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக ஒரு வாசல். இரண்டும் திறந்திருந்த இடத்தில் போட்டி வந்தது. ஏதாவது ஒன்று அடைத்துக்கிடந்த இடத்தில், காகிதத்தில் எத்தனை ஆயிரம் ஆலைகள் கை மாறியிருந்தாலும் போட்டி வரவில்லை. போட்டிச் சட்டம், இறக்குமதி, வங்கி, அந்நிய முதலீடு என்று பாடப்புத்தகங்கள் பட்டியல் போடுகிற மற்ற எல்லாமே இந்த இரண்டு வாசல்களையும் திறக்கவோ அடைக்கவோ செய்கிற அளவில்தான் கணக்கில் வருகின்றன.

போலந்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் 1990 ஜனவரி 1-ஐத்தான் சொல்வார்கள். நிதியமைச்சர் லெஷெக் பால்செரோவிச் அன்று முதல் பெரும்பாலான விலைக் கட்டுப்பாடுகளை நீக்கினார், மானியங்களை வெட்டினார், போலந்து நாணயமான ஸ்லாட்டியின் மதிப்பைக் குறைத்து டாலருக்கு 9,500 என்று நிறுத்தினார். அந்த ஒரு மாதத்தில் மட்டும் விலைவாசி ஏறத்தாழ 80 சதவீதம் ஏறியது. ஆனால் அதற்கு ஓராண்டு முன்பு, கம்யூனிஸ்ட் ஆட்சி இருக்கும்போதே, 1988 டிசம்பர் 23-ல் நிறைவேறிய ஒரு சட்டத்தைத்தான் நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். தொழில்துறை அமைச்சர் மியெச்சிஸ்வாவ் வில்செக் கொண்டுவந்தது அது. யார் வேண்டுமானாலும் சம உரிமையோடு தொழில் தொடங்கலாம், சட்டம் தடுக்காத எதையும் செய்யலாம் என்பதே அதன் சாரம். ஒரு சில துறைகளுக்கு மட்டும் லைசென்ஸ் வேண்டும், மற்றதற்குப் பதிவு செய்தால் போதும். லைசென்ஸ் ராஜ்ஜியத்தைப் பார்த்த நமக்கு இந்த ஒரு வரியின் கனம் நன்றாகவே புரியும்.

அது தெருவில் எப்படித் தெரிந்தது என்று பாருங்கள். 1990-ல் வார்சாவின் நடைபாதைகளில் மடக்குக் கட்டில்கள் முளைத்தன. முகாம்களில் படுக்க உதவும் கான்வாஸ் கட்டில். காலையில் அதை விரித்து, அதன்மேல் ஜீன்ஸ், சோப்பு, மேற்கு பெர்லினிலிருந்து பையில் தூக்கிவந்த காபித்தூள் என்று பரப்புவார்கள். மாலையில் மடக்கிக் கையில் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கடை வாடகை இல்லை, முன்பணம் இல்லை. விவசாயிகளோ இறைச்சியை லாரியில் ஏற்றிவந்து தெருவிலேயே விற்றார்கள். வரிசையில் நின்றே பழகியிருந்த மக்கள் முதல்முறையாக ஒரு லாரியில் விலை கேட்டுவிட்டு அடுத்த லாரிக்கு நடந்தார்கள். கொஞ்சம் காசு சேர்த்தவர்கள் தகரப் பெட்டிக்கடைக்கு மாறினார்கள். முன்பக்கத் தகடு வாயைப் பிளப்பது போல மேலே தூக்கித் திறக்கும், அதனால் அதற்கு 'தாடை' என்றே பெயர். விஸ்துலா நதிக்கரையில் பாழடைந்து கிடந்த பத்தாம் ஆண்டு நினைவு விளையாட்டரங்கம் ஐரோப்பாவின் மிகப்பெரிய திறந்தவெளிச் சந்தைகளில் ஒன்றாக மாறியது. வியட்நாமிலிருந்து வந்தவர்களும் அங்கே கடை போட்டார்கள். 2012-ல் ஐரோப்பியக் கால்பந்துப் போட்டி நடந்த தேசிய அரங்கம் நிற்பது அதே இடத்தில்தான்.

இந்தச் சில்லறை வியாபாரத்தை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், போட்டி ஆரம்பித்தது இங்கிருந்துதான். பெரிய அரசு ஆலைகளை விற்பதில் போலந்து மிகவும் மெதுவாகவே நகர்ந்தது. 512 நிறுவனங்களைத் தேசிய முதலீட்டு நிதிகளிடம் ஒப்படைக்கும் திட்டம் 1995-ல்தான் நடைமுறைக்கு வந்தது. தனியார்மயம்தான் போட்டியின் தாய் என்றால் போலந்து பின்தங்கியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. அரசுக்குச் சொந்தமாக இருந்த ஆலைகளே விற்கப்படுவதற்கு முன்னால் மாற ஆரம்பித்தன. ஆட்களைக் குறைத்தன, போகாத சரக்கை நிறுத்தின, வாங்குபவரைத் தேடிப் போயின. காரணம் எளியது. நஷ்டத்தை யாரும் இனி நிரப்ப மாட்டார்கள் என்று மேலாளர்களுக்குத் தெரிந்துவிட்டது.

இங்கேதான் ஹங்கேரியப் பொருளாதார அறிஞர் யானோஷ் கோர்னாய் சொன்ன கருத்து வருகிறது. சோஷலிச ஆலையின் அடிப்படைக் குறைபாடு அதன் மேலாளர் சோம்பேறி என்பதில்லை, எவ்வளவு நஷ்டம் வந்தாலும் அரசு கைதூக்கிவிடும் என்று அவர் நம்பியிருப்பதே என்றார் அவர். 'தளர்ந்த பட்ஜெட் கட்டுப்பாடு' என்று இதற்குப் பெயர். வீட்டில் செல்லப்பிள்ளைக்கு அப்பா கடன் அடைப்பதைப்போல. அடைக்கும் அப்பா இருக்கும்வரை பிள்ளை தொழில் கற்றுக்கொள்ளாது. இதில் நாம் கவனிக்கவேண்டியது, ஆலையைத் தனியாருக்கு விற்ற பிறகும் இந்த அப்பா வேறு வேடத்தில் தொடர முடியும் என்பதுதான். மானியம் நின்றுபோகும், அதற்குப் பதில் வரிபாக்கியைத் தள்ளிவைப்பார்கள். வங்கிக்கடனைப் புதுப்பித்துக்கொண்டே போவார்கள். மின்கட்டணம் கட்டாவிட்டாலும் இணைப்பை வெட்டமாட்டார்கள்.

ரஷ்யாவில் நடந்தது இதுதான். 1992 ஜனவரி 2-ல் துணைப் பிரதமர் யெகோர் கைதார் விலைகளை விடுவித்தார். அதே மாதம் 29-ம் தேதி, யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்று ஜனாதிபதி யெல்ட்சின் ஆணை பிறப்பித்தார். மாஸ்கோவின் நடைபாதைகளும் வார்சாவைப்போலவே நிரம்பின. அந்த வருடம் அக்டோபரிலிருந்து குடிமகன் ஒவ்வொருவருக்கும் ஆலைப் பங்குகளாக மாற்றிக்கொள்ளக்கூடிய, 10,000 ரூபிள் முகமதிப்புள்ள வவுச்சர் கொடுத்தார்கள். 1994 நடுவில் அந்தத் திட்டம் முடிந்தபோது பல்லாயிரம் ஆலைகள் தனியார் கையில் இருந்தன. உலகத்திலேயே மிக வேகமான தனியார்மயங்களில் ஒன்று அது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போட்டி கொழுந்துவிட்டு எரிந்திருக்க வேண்டும்.

முதலில் உள்ளே வரும் வாசலைப் பார்ப்போம். 1996-ல் மாஸ்கோவிலும் வார்சாவிலும் சிறு கடைக்காரர்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். வகுப்பில் நான் தவறாமல் எடுத்துச் சொல்லும் ஆய்வு இது. கடையைப் பதிவு செய்ய மாஸ்கோவில் இரண்டரை மாதத்துக்கு மேல் ஆனது, வார்சாவில் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதிகாரிகள் நடத்தும் சோதனைகளின் எண்ணிக்கை மாஸ்கோவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கடந்த ஆறு மாதத்தில் மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல் வந்ததா என்று கேட்டால், மாஸ்கோவில் பத்தில் நான்கு பேர் ஆம் என்றார்கள், வார்சாவில் பத்தில் ஒருவர்கூட இல்லை. ரஷ்யர்கள் இதற்கு 'கிரிஷா' என்று ஒரு சொல் வைத்திருந்தார்கள். கூரை என்று பொருள். உனக்கு யார் கூரை என்பதே அன்றைய பெட்டிக்கடைக்காரர்கள் முதலில் கேட்கும் கேள்வி. கூரை இல்லாமல் தொழில் இல்லை. கூரைக்குப் பணம் கட்டியவனோ பக்கத்தில் இன்னொருவன் கடை போடுவதைத் தடுக்கும்படி அந்தக் கூரையையே கேட்டுக்கொள்வான். ஆக, சீர்திருத்தங்களை ஒரேயடியாகச் செய்யும் 'அதிர்ச்சி வைத்தியம்' என்று ஒரே பெயரில் சொல்லப்பட்ட இரண்டு நாடுகளில், ஒரே அளவுக் கடையைத் திறக்க நினைத்தவர்களுக்கு இரண்டு வெவ்வேறு உலகங்கள்.

அடுத்தது வெளியே போகும் வாசல். 1990-களின் நடுவில் ரஷ்யத் தொழில்துறை பணத்தை விட்டுப் பண்டமாற்றுக்குப் போனது. 1998 வாக்கில் தொழிற்சாலை விற்பனையில் ஏறத்தாழ பாதி பணமில்லாமல் நடந்தது. அது எப்படிப் போட்டியைக் கொன்றது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான கட்டுரைகள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. ஒரு டிராக்டர் ஆலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்வாரியத்துக்கு 100 கோடி ரூபிள் பாக்கி. கையில் காசில்லை, டிராக்டர் இருக்கிறது. வெளியே விற்றால் 60 கோடிதான் கிடைக்கும். மின்வாரியம் அந்த டிராக்டர்களை 100 கோடி என்று கணக்கெழுதி வாங்கிக்கொள்கிறது. பிறகு மாகாண அரசுக்குத் தான் கட்டவேண்டிய வரிக்கு அதே டிராக்டர்களை 100 கோடிக்கே தள்ளிவிடுகிறது. மாகாணத்தை ஆளும் கவர்னரும் வாங்கிக்கொள்கிறார், ஏனென்றால் ஆலை மூடினால் ஊரே வேலையில்லாமல் நிற்கும். கணக்குப் புத்தகத்தில் ஆலை லாபத்தில் ஓடுகிறது. இப்போது பக்கத்து ஊரில் ஒரு இளைஞர் சிறிய பட்டறை வைத்து அதைவிட நல்ல டிராக்டரை இன்னும் குறைந்த செலவில் செய்ய முடிகிறது என்று வையுங்கள். அவரிடம் மின்வாரியம் ரொக்கம் கேட்கும். வரி அலுவலகம் ரொக்கம் கேட்கும். கவர்னரைத் தெரியாதவர் போடும் முதலீடு, கவர்னரைத் தெரிந்தவர் காட்டும் நஷ்டத்திடம் தோற்றுப்போகும். நல்ல சரக்கும் குறைந்த செலவும் ஜெயிக்கும் என்பது இங்கே செல்லாது.

இதற்கு மனித முகம் வேண்டுமென்றால் மாஸ்கோவுக்குக் கிழக்கே உள்ள கூஸ்-ஹ்ருஸ்தால்னி நகரத்தைப் பாருங்கள். பெயரிலேயே பளிங்குக் கண்ணாடியைச் சுமக்கிற ஊர். அங்கே தொழிலாளர்களுக்குச் சம்பளத்துக்குப் பதில் அவர்கள் செய்த கண்ணாடிப் பொருட்களையே கொடுத்தார்கள். பூச்சாடிகளையும் கிண்ணங்களையும் தூக்கிக்கொண்டு சாலையோரத்திலும் ரயில்நிலையத்திலும் நின்று அவர்கள் விற்றார்கள். ஆலை மூடப்படவில்லை, யாரும் வேலையிழக்கவில்லை என்று புள்ளிவிவரம் சொல்லும். அந்தத் தொழிலாளர்கள் பனியில் நின்றதைப் புள்ளிவிவரம் சொல்லாது. வெளியே போகும் வாசலை அடைப்பது தொழிலாளிக்குக் காட்டும் கருணை என்று வாதிடுபவர்களிடம் நான் இந்த ஊரைத்தான் சொல்வேன்.

தூரமும் ரஷ்யாவில் ஒரு தடைதான். சோவியத் ஆலைகள் மிகப் பெரியவை, ஒவ்வொன்றும் ஏகபோகம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நாடு முழுவதையும் ஒரே சந்தையாக எடுத்தால் அது அவ்வளவு சரியில்லை, பல துறைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆலைகள் இருக்கத்தான் செய்தன. ஆனால் ஒரு ஆலைக்கும் அடுத்ததற்கும் இடையே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர், இருப்பதோ நெரிசலான ஒரு ரயில்பாதை. போதாததற்குக் கவர்னர்கள் வேலி போட்டார்கள். வெளிமாகாண வோட்காவுக்குத் தடை, 1998 நெருக்கடியின்போது உணவுப்பொருள் மாகாணத்தை விட்டுப் போகத் தடை. ஒரு நாடு, பல சந்தைகள்.

செக் நாட்டின் கதை வேறு விதம். எனக்கு மிகவும் பிடித்த எச்சரிக்கைக் கதையும் இதுதான், ஏனென்றால் அங்கே எல்லாம் நேர்த்தியாகத் திட்டமிடப்பட்டது. நிதியமைச்சராக இருந்த வாக்லாவ் கிளாவுஸ் முன்னின்று நடத்திய கூப்பன் தனியார்மயத்தில் 1,000 கொருனா கொடுத்தால் ஒரு கூப்பன் புத்தகம், அதை ஆலைப் பங்குகளாக மாற்றிக்கொள்ளலாம். முதல் சுற்றில் செக்கோஸ்லோவாக்கியா முழுக்க சுமார் 85 லட்சம் பேர் சேர்ந்தார்கள். இதில் பாதிப்பேரையாவது இழுத்துவந்தது விளம்பரம்தான் என்பது என் கணிப்பு. விக்டர் கோஷெனி என்ற இளைஞர் ஆரம்பித்த ஹார்வர்ட் முதலீட்டு நிதி, ஒரு வருடமும் ஒரு நாளும் கழித்துப் பத்து மடங்கு தருகிறோம் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தது. பெரும்பாலான கூப்பன்கள் இப்படிப்பட்ட நிதிகளிடம் போய்ச் சேர்ந்தன. அந்த நிதிகளில் பெரியவற்றை நடத்தியதோ அரசு பெரும்பங்கு வைத்திருந்த வங்கிகள்.

அதன் விளைவை யோசித்துப் பாருங்கள். வங்கியின் நிதி ஆலைக்கு உரிமையாளர். அதே வங்கி ஆலைக்குக் கடன் கொடுத்தவர். ஆலை தவணை கட்டாவிட்டால் திவாலாக்க வேண்டியதும் அதே வங்கி. தன் பிள்ளையையே யார் ஜப்தி செய்வார்கள்? கடன் மேல் கடன் போனது. திவால் சட்டம் 1991-லேயே இயற்றப்பட்டும் 1993 ஏப்ரல் வரை கிடப்பில் வைக்கப்பட்டது. உரிமை பல லட்சம் பேரிடம் சிதறியதால் ஆலையை நடத்தியவர்களைத் தட்டிக்கேட்க ஆளில்லை. அவர்கள் ஆலையின் நல்ல சொத்துக்களைத் தங்கள் சொந்தக் கம்பெனிகளுக்கு மலிவாக மாற்றிக்கொண்டார்கள். இதற்குச் செக் மக்கள் வைத்த பெயர்தான் 'சுரங்கம் தோண்டுதல்'. அந்தச் சொல் அங்கிருந்து உலகத்தின் நிதித்துறைப் பாடங்களுக்கெல்லாம் போயிருக்கிறது. 1997 நெருக்கடிக்குப் பிறகே பாடம் படித்தார்கள். 1999-லிருந்து 2001-க்குள் பெரிய வங்கிகள் ஒவ்வொன்றாக வெளிநாட்டு வங்கிகளுக்கு விற்கப்பட்டன. அப்போதுதான் அப்பா மாறினார், கயிறு இறுகியது.

ஹங்கேரி எதிர்த்திசையில் போனது. 1992 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த திவால் சட்டத்தின்படி, 90 நாளுக்கு மேல் கடனைக் கட்டாத நிறுவனத்தின் தலைவர் தானாகவே நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும். ஏப்ரலில் அந்த 90 நாள் முடிந்தபோது ஆயிரக்கணக்கான மனுக்கள் ஒரேயடியாகக் குவிந்தன. நீதிமன்றங்கள் திணறின, நல்ல நிலையில் இருந்த நிறுவனங்களும் வாங்கியவன் கட்டாததால் விழுந்தன, அடுத்த வருடமே அந்தக் கட்டாயப் பிரிவை எடுத்துவிட்டார்கள். மிகக் கடுமையான மருந்துதான். இருந்தாலும் கடன் கட்டாமல் ஓட்ட முடியாது என்ற செய்தி ஒரு தலைமுறை மேலாளர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வெளியே போகும் வாசலை நான் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறேனே, அதையும் போட்டியைக் கொல்லப் பயன்படுத்தலாம் என்பதற்கு கிழக்கு ஜெர்மனி சாட்சி. துரிங்கியாவில் பிஷோஃபரோட என்ற ஊரில் ஒரு பொட்டாஷ் சுரங்கம். கிழக்கின் ஆலைகளை விற்றுக்கொண்டிருந்த அரசு நிறுவனமான டிராய்ஹாண்ட், கிழக்கின் பொட்டாஷ் நிறுவனத்தை மேற்கில் பிஏஎஸ்எஃப் என்ற ரசாயனக் குழுமத்தைச் சேர்ந்த பொட்டாஷ் நிறுவனத்தோடு இணைத்தது. இணைப்பின் ஒரு பகுதியாக இந்தச் சுரங்கம் மூடப்பட்டது. எங்கள் சரக்குக்கு ஆர்டர் இருக்கிறது, போட்டியை ஒழிக்கவே எங்களை மூடுகிறார்கள் என்று தொழிலாளர்கள் 1993 கோடையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த வருடக் கடைசியில் சுரங்கம் மூடப்பட்டது. வாங்குபவரே போட்டியாளராக இருக்கும்போது விற்பவர் யோசிக்கவேண்டிய கேள்வி அது, டிராய்ஹாண்ட் போதுமான அளவு யோசிக்கவில்லை என்பதே என் எண்ணம்.

உக்ரைனுக்கு வருவோம். உள்ளே வரும் வாசலை எவ்வளவு நுட்பமாக அடைக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கிரிவி ரிஹ் நகரத்தின் கிரிவோரிஷ்ஸ்டால், நாட்டின் மிகப்பெரிய உருக்காலை. 2004 ஜூனில் அதன் 93 சதவீதப் பங்கை ஏலம் விட்டார்கள். ஆனால் ஏல நிபந்தனைகளில் ஒன்று, ஏலம் கேட்பவர் ஏற்கெனவே உக்ரைனில் கோக் நிலக்கரி தயாரித்தவராக இருக்க வேண்டும் என்றது. அந்த ஒரு வரியில் வெளிநாட்டு நிறுவனங்கள் எல்லாம் வெளியே போயின. பெருந்தொழிலதிபர் ரினாத் அக்மெதோவும், ஜனாதிபதி குச்மாவின் மருமகன் விக்டர் பின்சுக்கும் சேர்ந்த குழு சுமார் 80 கோடி டாலருக்கு வாங்கியது. மக்கள் போராட்டத்தால் ஆட்சி மாறிய ஆரஞ்சுப் புரட்சிக்குப் பின் அந்த விற்பனை ரத்தானது. 2005 அக்டோபர் 24-ல் மறுபடியும் ஏலம். இந்த முறை தொலைக்காட்சியில் நேரலை, அந்த நிபந்தனை இல்லை. மூன்று தரப்புகள் விலையை ஏற்றிக்கொண்டே போக, கடைசியில் லட்சுமி மிட்டலின் நிறுவனம் 480 கோடி டாலருக்கு எடுத்தது. ஆலையும் தொழிலாளர்களும் அதேதான். உருக்கு விலை நிலவரம் கொஞ்சம் மாறியிருக்கலாம், அதைக் கழித்தாலும் ஒரு நிபந்தனை வரியின் விலை எத்தனை நூறு கோடி டாலர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரி நிலைக்கு 'அரசைக் கைப்பற்றுதல்' என்று பெயர். லஞ்சம் கொடுத்து சட்டத்தை மீறுவது சாதாரண ஊழல். சட்டத்தையே தனக்கேற்ப எழுதவைப்பது இது. பாதிச் சீர்திருத்தம் செய்த நாடுகளில் இது வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. விலைகள் விடுபட்டு, ஏற்றுமதி லைசென்ஸ் மட்டும் அமைச்சர் கையில் இருந்தால், உள்ளூரில் மலிவாக வாங்கி வெளியே உலக விலைக்கு விற்பவன் ஒரே வருடத்தில் கோடீஸ்வரன். அவனுக்கு மேற்கொண்டு சீர்திருத்தம் வேண்டாம், பழைய காலமும் வேண்டாம். பாதியில் நிற்கிற இன்றைய நிலைதான் அவனுக்குப் பொன்முட்டை. எனவே சீர்திருத்தத்தைத் தோற்கடித்தவர்களைத் தோற்றவர்கள் பக்கம் மட்டும் தேடாதீர்கள், முதல் சுற்றில் ஜெயித்தவர்களும் அந்தப் பக்கம் நின்றார்கள்.

அரசே தன் கஜானாவுக்காகப் போட்டியை விற்றதும் உண்டு. 1993 டிசம்பரில் ஹங்கேரி தன் தொலைபேசி நிறுவனத்தின் 30.1 சதவீதத்தை 87.5 கோடி டாலருக்கு ஜெர்மானிய-அமெரிக்கக் கூட்டணிக்கு விற்றது. நல்ல விலைதான். ஆனால் நெடுந்தூர, சர்வதேச அழைப்புகளில் எட்டு வருட ஏகபோகமும் அந்த விலைக்குள் அடக்கம். ஆர்மீனியா 1990-களின் கடைசியில் தன் தொலைபேசி நிறுவனத்தின் 90 சதவீதத்தை ஒரு கிரேக்க நிறுவனத்துக்கு 15 வருட ஏகபோகத்தோடு கொடுத்தது. செல்போனில் இரண்டாவது நிறுவனம் உள்ளே வந்தது 2005-ல்தான். ஏகபோகத்தை எழுதிக்கொடுத்தால் வாங்குபவர் அதிக விலை தருவார், அந்த அதிக விலையை அடுத்த பத்து வருடம் கட்டணமாகக் கட்டுபவர்கள் மக்கள்.

போட்டிச் சட்டம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். போலந்து 1990 பிப்ரவரியில் இயற்றியது, ஹங்கேரியின் சட்டம் 1991 ஜனவரியில் அமலானது, ரஷ்யா அதே ஆண்டு மார்ச்சில். எல்லோரிடமும் சட்டம் இருந்ததால் சட்டம் இருப்பது வித்தியாசத்தை விளக்காது. அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது விளக்கும். ரஷ்யாவில் சந்தையில் 35 சதவீதத்துக்கு மேல் பங்குள்ள நிறுவனங்களைப் பதிவேட்டில் சேர்த்து அவற்றின் விலைகளைக் கண்காணிப்பதில் முதல் சில வருடங்கள் போயின. பழைய விலைக்கட்டுப்பாடு புதிய பெயரில் திரும்பியது, புதியவர்களுக்கு வாசல் திறக்கும் வேலை நடக்கவில்லை. போலந்துக்கும் ஹங்கேரிக்கும் பின்னாளில் வேறொரு கடிவாளமும் வந்தது. 2004 மே 1-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு அரசு உதவிக்கு பிரஸ்ஸல்ஸின் ஒப்புதல் வேண்டும். 2008 நவம்பரில் கிதினியா, ஷ்செசின் கப்பல்தளங்களுக்குப் போலந்து அரசு கொடுத்த உதவி சட்டவிரோதம் என்று ஐரோப்பிய ஆணையம் தீர்ப்பளித்து, சொத்துக்களை விற்கச் சொன்னது. சொந்த அரசுக்கு மூட மனம் வராத ஆலைகளுக்கு வெளியே போகும் வாசலை வெளியிலிருந்து ஒருவர் திறந்துவைத்தார்.

இனி என் வாதத்துக்கான கடுமையான சோதனை: சீனாவும் வியட்நாமும். அங்கே அரசு ஆலைகளை விற்கவே அவசரப்படவில்லை, கட்சி ஆட்சியும் போகவில்லை. ஆனால் போட்டி வந்தது. சீனாவில் அதைக் கொண்டுவந்தவை ஊர்ப்புற, கிராமத் தொழில் நிறுவனங்கள். 1978-ல் சுமார் 2.8 கோடிப் பேருக்கு வேலை கொடுத்த அவை 1996-ல் 13.5 கோடிப் பேருக்குக் கொடுத்தன. அவற்றில் பலவற்றின் உரிமையாளர் உள்ளூர் அரசுதான். ஆனால் ஒரு ஊராட்சியிடம் நோட்டு அடிக்கும் இயந்திரமில்லை, கேட்டதும் கடன் கொடுக்க வங்கி இல்லை. நஷ்டம் வந்தால் மூடத்தான் வேண்டும். அரசு உடைமைதான், கயிறு மட்டும் இறுக்கம். மாகாண அரசுகளின் பெரிய தொழில்களிலோ நிலைமை வேறு. ஷாங்காயில் டாக்ஸி என்றால் அந்த ஊரில் தயாரான சாண்டானா, வூஹானில் அந்த ஊரில் தயாரான சிட்ரோயன், தியான்ஜினில் சியாலி. வெளியூர்க் காருக்கு ஷாங்காய் பதிவுக் கட்டணத்தை ஏற்றியது, ஹூபே மாகாணம் பதிலுக்கு ஏற்றியது. ரஷ்யக் கவர்னரின் வோட்காவும் இந்தச் சாண்டானாவும் ஒரே வகை.

வியட்நாமில் செல்போன் கதையைப் பாருங்கள். 2004 வரை அரசின் அஞ்சல்-தொலைத்தொடர்பு நிறுவனத்தின் இரண்டு சேவைகள்தான் சந்தையில் பெரும்பங்கு. அந்த வருடம் அக்டோபரில் ராணுவ அமைச்சகத்தின் வியட்டெல் இறங்கியது. அதுவும் அரசு நிறுவனம்தான், ஆனால் வேறு அமைச்சகம், தனி லாப நஷ்டம், யாரும் மிரட்ட முடியாத பின்பலம். கட்டணத்தைக் குறைத்தது, மற்றவர்கள் கண்டுகொள்ளாத கிராமப்புறங்களுக்குக் கோபுரம் கொண்டுபோனது, பழைய நிறுவனமும் கட்டணத்தை இறக்க வேண்டியதாயிற்று. அதே வியட்நாமில், அதே அரசு உடைமையில், வினாஷின் கப்பல் கட்டும் குழுமம் அரசு பின்னால் இருக்கிறது என்ற நம்பிக்கையில் கடன்வாங்கிக் கொட்டி, 2010 டிசம்பரில் 60 கோடி டாலர் வெளிநாட்டுக் கடனின் தவணையைத் தவறவிட்டது. இரண்டுக்கும் முதலாளி ஒருவரே. வேறுபட்டது, மோத எதிராளி இருந்தாரா, கயிறு இறுகியிருந்ததா என்பது.

இறக்குமதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறிய நாடுகளுக்கு அதைவிட வேகமான போட்டி அமைப்பு கிடையாது. எஸ்தோனியா 1990-களில் ஏறக்குறைய எல்லாச் சுங்கத்தையும் எடுத்துவிட்டது, உள்ளூர்த் தயாரிப்பாளருக்கு ஹெல்சின்கியிலிருந்து வரும் சரக்கே போட்டி. பெரிய நாட்டில் அதற்கு எல்லை உண்டு. சிமெண்ட், ரொட்டி, மின்சாரம், லாரி வாடகை ஆகியவற்றுக்கு எந்தத் துறைமுகமும் போட்டி கொண்டுவராது.

ஆய்வுக்கு எதை அளப்பது என்று நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஒரு துறையில் எத்தனை நிறுவனங்கள், முதல் நாலுக்கு எவ்வளவு பங்கு என்ற கணக்கை மட்டும் நம்பாதீர்கள். ஐரோப்பிய மறுசீரமைப்பு வங்கியும் உலக வங்கியும் 1999-ல் 25 நாடுகளில் 3,300 நிறுவனங்களிடம் நடத்திய கணக்கெடுப்பில் ஒரு அருமையான கேள்வி இருந்தது. உங்கள் முக்கியச் சரக்கின் விலையை 10 சதவீதம் ஏற்றினால் வாங்குபவர்கள் என்ன செய்வார்கள்? அப்படியே வாங்குவார்களா, கொஞ்சம் குறைப்பார்களா, வேறு ஆளிடம் போய்விடுவார்களா? கம்பெனிக்காரரே தன் பலத்தைத் தன் வாயால் சொல்லும் கேள்வி. அதே தரவில் வந்த இன்னொரு முடிவையும் கவனியுங்கள்: போட்டியாளரே இல்லாதவர்களைவிடவும், போட்டியாளர் ஏராளமாக இருந்தவர்களைவிடவும், ஒன்றிலிருந்து மூன்று போட்டியாளர்களைச் சந்தித்த நிறுவனங்களே அதிகம் வளர்ந்தன, புதியன செய்தன. எட்டு கடைகள் ஒரே சரக்கை விற்கும் தெருவில் யாரிடமும் புது இயந்திரம் வாங்கக் காசு மிஞ்சாது.

அதோடு இரண்டு எண்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுத்துக்கொண்ட நாட்டில் ஒரு வருடத்தில் எத்தனை புதிய நிறுவனங்கள் பதிவாயின, எத்தனை பழைய பெரிய நிறுவனங்கள் உண்மையில் மூடப்பட்டன அல்லது கை மாறின. முதல் எண் கிடைப்பது சுலபம். இரண்டாவதுக்கு நீதிமன்றப் பதிவுகளையும் மின்வாரிய பாக்கிப் பட்டியலையும் துழாவ வேண்டியிருக்கும். சிரமம்தான், ஆனால் அந்தப் பட்டியலில்தான் விடை இருக்கிறது. உக்ரைனை எடுத்தால் 2004, 2005 ஏல நிபந்தனைகளை அருகருகே வைத்து வரிவரியாகப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.